சிவக்காத புல்

12-2-2024

காலையில் கொட்டாரத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். செம்பருத்தி இரண்டு கேட்டாள். நல்ல தளிர் விட்டதாகப் பார்த்து எடுத்து நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. என்னிடம் வேலை பார்க்கிற, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேசபாய் அக்காவைக் காட்டி, "அந்த அக்கா கையால தரட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நேசபாய் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் கொடுத்தாள். இந்த மாதத்தில் இது நாலாவது ஆள்.

என் நர்சரி. என் செடி. என் கை மட்டும் ஆகாது.

யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடம் ஷிபாவும் நானும் கூட்டாகத்தான் இதை நடத்தினோம். போன ஐப்பசியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாற்பது நாள் வீட்டில் கிடந்தேன். அந்த நாற்பது நாளில், அடைமழையில், இந்தப் புத்திசாலி ஷிபா, சிவப்பு பென்னிசெட்டத்தின் தாய்த்தூர்கள் அத்தனையையும் தோண்டிப் பிரித்துத் தொட்டியில் வைத்தாள். குத்துக் குத்தாக வளரும் அலங்காரப் புல் அது. கருஞ்சிவப்பு இலை, நரிவால் போலக் கதிர். வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் மழையில் பிரிக்கவே கூடாது. வெட்டுப்பட்ட தூரில் தண்ணீர் நின்றால் நாலு நாளில் அழுகும். அழுகியது. இருநூறு தூர், இருபதுதான் பிழைத்தது. ஒரே ஒரு தூரில் ஆரம்பித்து நான் பெருக்கியவை.

தப்பாகப் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். வாடிக்கைக்காரர்களிடம் அவள் சொன்னது இது: "கர்ப்பப்பை எடுத்தவ தொட்டு வச்ச செடி. கைராசி போயிட்டு, பொறவு எப்படிப் பிடிக்கும்?"

தை மாதம் எதிர்ச்சாரியில் சொந்தமாகக் கடை போட்டாள். ஷிபா கார்டன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கை கெட்ட கை என்று இதே வாய்கள் சொல்ல வேண்டும். அதை என் காதால் கேட்க வேண்டும்.

14-2-2024

சாம்பல் புதன். பாதர் நெற்றியில் சாம்பலைப் பூசி மனம் திரும்பச் சொன்னார். இந்த நாற்பது நாளும் இறைச்சி வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்னால் ஆகாது.

கோயிலிலிருந்து நேரே கன்னியாகுமரி பஸ் ஏறினேன். கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜின் மதில் ஓரத்தில் பச்சை பென்னிசெட்டம் நிற்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். சிவப்பு நல்ல புல். அது முளைக்கிற விதை வைக்காது, தூரைப் பிரித்தால்தான் பெருகும். பச்சை அப்படியில்லை. ஒவ்வொரு கதிரிலும் நூற்றுக்கணக்கில் விதை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கெல்லாம் முளைக்கும். அதனாலேயே என் நர்சரிக்குள் அதை இதுவரை விட்டதில்லை.

வாட்ச்மேன் பார்க்காத நேரம் பன்னிரண்டு கதிரை உருவி ஹேண்ட்பேக்கில் போட்டேன். நெற்றியில் சாம்பல் இருந்தது. இருக்கட்டும்.

17-2-2024

விதை போட்டேன். தட்டில் சலித்த ஆற்றுமணல் பாதி, தேங்காய்நார்த் தூள் பாதி. மேலே தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன். ஆழத்தில் புதைக்கக் கூடாது, வெளிச்சம் படாவிட்டால் முளைக்காது. பூவாளியில் தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிப்போகும். அதனால் தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டேன்.

இது எதற்கு என்று நேசபாய் அக்கா கேட்டாள். சும்மா பார்க்கலாம் என்று போட்டேன் என்றேன். ஒரு தட்டுப் போதாதா, பன்னிரண்டு தட்டு எதற்கு என்று திரும்பக் கேட்டாள். இந்த அக்காவுக்கு எண்ணத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

29-2-2024

முளைத்துவிட்டது. ஊசி ஊசியாக, பச்சைப் பசேலென்று. என் கையா ராசியில்லாத கை?

29-3-2024

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஷிபா நடந்தாள். அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு பதினாலு நிலையும் முடித்தேன்.

20-4-2024

நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றினேன். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சாணிப்பொடி கால் பங்கு. உரம் கூடினால் இந்தப் புல் கொழுத்து நடுவில் பிளந்து சாய்ந்துவிடும். கொஞ்சம் பட்டினி போட்டால்தான் நிமிர்ந்து நிற்கும். முந்நூற்று இருபது தொட்டி தேறியது.

கத்தாரிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுகிறவர் இன்று சனிக்கிழமை கூப்பிட்டார், நேசபாய் அக்கா ஏதாவது ஓதியிருப்பாள். "அவள விட்டுட்டு உன் வேலையப் பாரு செல்வி" என்றார். இதுதான் என் வேலை என்று சொன்னேன்.

11-6-2024

டெனிஷ் வந்தான். சித்தி மகன், குட்டியானை வண்டி ஓட்டுகிறான். இந்தப் பக்கத்து நர்சரிகள் எல்லாவற்றுக்கும் அவன்தான் செடி ஏற்றி இறக்குகிறவன். ஒரு செய்தி கொண்டு வந்தான். பூமாதிரி செய்தி.

கொட்டாரம் தாண்டி, வயலை ஒட்டி, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கணபதியப்பன் அண்ணாச்சி ஆடிட்டோரியம் கட்டியிருக்கிறார். முதல் கல்யாணமே அவர் மகன் நாகேந்திரனுக்கு, ஆவணியில். கேட்டிலிருந்து மண்டபம் வரை வழியின் இரண்டு பக்கமும் குங்குமச் சிவப்பில் புல் நிற்க வேண்டும் என்று அவர் மனைவி தாணம்மாளுக்கு ஆசை. ஷிபா ஏற்றுக்கொண்டிருக்கிறாள். முந்நூற்றுச் சொச்சம் தூர் வேண்டும். அவளிடம் ஒன்றுகூட இல்லை. எங்கேயும் கிடைக்காமல் டெனிஷிடம் கேரளத்துப் பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

பார்த்துக் கொடுக்கலாமே என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க சிரிச்சே நாளாச்சு" என்றான்.

14-6-2024

இதை யோசித்து யோசித்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

சிவப்புப் புல்லை நிழலில் வைத்தால் சிவப்பு மங்கிப் பச்சையடிக்கும். வெயிலில் எடுத்து வைத்தால் மூன்று வாரத்தில் மறுபடி சிவக்கும். இதை ஷிபாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அதனால் பச்சைத் தூர்களை நாலு விரல் உயரம் விட்டு வெட்டி, நிழல்வலைக்கு அடியில் இருந்தவை, நட்ட பிறகு சிவக்கும் என்று டெனிஷ் சொன்னால் நம்புவாள். என் வாயால் கற்ற பாடம், நம்பித்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு பயம். தூரின் அடியைப் பிளந்து பார்த்தால் தெரிந்துவிடும். சிவப்பு வகைக்கு அடித்தண்டு எந்த நிழலிலும் சிவப்பாகத்தான் இருக்கும். அதையும் நானேதான் சொல்லிக் கொடுத்தேன், முட்டாள். அதனால் என்னிடம் தப்பிப் பிழைத்த இருபது அசல் சிவப்பை வண்டியின் வாசல் பக்கம் அடுக்கப் போகிறேன். அவசரக்காரி. முதல் தொட்டியைத்தான் எடுப்பாள்.

23-6-2024

நேற்று முந்நூறு பச்சையையும் இருபது சிவப்பையும் ஏற்றிவிட்டேன். இன்று டெனிஷ் வந்து சொன்னான். வாசல் பக்கத்துத் தொட்டி ஒன்றை எடுத்து அடியைக் கிள்ளிப் பார்த்தாளாம், "செரி, எறக்கு" என்றாளாம். எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்கவில்லையாம்.

இரண்டு டம்ளர் டீ குடித்தேன். நேசபாய் அக்காவுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

18-7-2024

சாரல் விடவே இல்லை. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். புல் நன்றாகப் பிடித்துவிட்டது, பச்சையாக. வெயில் வரட்டும், சிவக்கும் என்று ஷிபா அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். சாரல்கூட என் பக்கம்.

30-8-2024

கல்யாணத்துக்குப் போனேன். அண்ணாச்சி என் பழைய வாடிக்கை, பத்திரிகை வைத்திருந்தார். நல்ல பட்டு எடுத்து உடுத்துக்கொண்டு போனேன்.

கேட்டருகே இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக என் அசல் சிவப்பு. அதற்கப்புறம் மண்டபம் வரை இரண்டு வரிசையும் வெள்ளை வெளேரென்று கதிர். முதலில் லேசான ரோஸ் இருந்ததாம், விரிந்ததும் வெளுத்துவிட்டது. குங்குமச் சிவப்பு கேட்ட தாணம்மாளுக்கு நரைத்த தலை முந்நூறு. காற்றில் எல்லாம் சேர்ந்து ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சாப்பாட்டுப் பந்திக்குப் பின்பக்கம் அண்ணாச்சி ஷிபாவை நிற்க வைத்துக் கேட்டார். சத்தம் போடவில்லை. மங்கல காரியத்துக்கு வெள்ளையைக் கொண்டுவந்து நட்டாயே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். சுற்றி இருபது பேர். ஷிபா சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். நான் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தேன்.

மணமகள் பெயர் சுஜா. மேடையில் ஏறிக் கைகுலுக்கினேன். சின்ன முகம், கை சில்லென்று இருந்தது.

10-9-2024

கேட்டுவிட்டேன். என் காதால். பொற்றையடி ஊர்க்காரி ஒருத்தி ரோஜா வாங்க வந்தவள் சொன்னாள்: "ஷிபா கை சரியில்ல கேட்டியளா. செவப்ப நட்டா வெள்ளயில்லா பூக்கு." ரோஜாவை நானே எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

27-9-2024

மீன் வாங்கப் போன நேசபாய் அக்கா கையில் மீனோடும் வாயில் செய்தியோடும் வந்தாள்.

ஷிபா புதிதாக ஒன்று சொல்லித் திரிகிறாளாம். தன் கைக்கு ஒன்றுமில்லையாம், தான் நட்ட இருபது கேட்டருகே சிவப்பாகத்தானே நிற்கிறது என்கிறாளாம். "உள்ள எல்லாம் எப்ப வெளுத்துது? அந்தப் பொண்ணு காலெடுத்து வச்ச அண்ணைக்கு. அது கால்ராசி. நான் என்ன செய்ய?" மீன்காரி வரை பேச்சு வந்துவிட்டது.

பாவி. எனக்குச் செய்ததை அப்படியே எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்துவிட்டாள். கை போய் கால் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாக்கை அறுக்க வேண்டும் அவளுக்கு.

5-10-2024

கணபதியப்பன் அண்ணாச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறார். இரண்டு கல்யாணக்காரர்கள் மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் மருமகளாம். ஈரத்தரை காரணமில்லையாம்.

எனக்கென்ன? சொன்னது ஷிபா. நம்பியது தாணம்மாள். நான் யாரையும் எதுவும் சொல்லவில்லையே.

புல் என்னுடையது. சரி. புல் மட்டும்தான் என்னுடையது.

16-10-2024

சுஜா வந்தாள். மதியம், ஆள் இல்லாத நேரம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். பேங்கில் வேலை பார்க்கிறாள், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். அந்தப் புல் சிவக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டாள்.

தினமும் விடியும் முன் எழுந்து அந்த முந்நூறுக்கும் தண்ணீர் ஊற்றுகிறாளாம். யாரோ சொன்னார்கள் என்று பீட்ரூட் சாறு ஊற்றிப் பார்த்தாளாம். இரும்புச் சத்து என்று துருப்பிடித்த ஆணிகளைத் தூரில் புதைத்து வைத்திருக்கிறாளாம். ஒரு தூர் சிவந்தாலும் போதும், அத்தையிடம் காட்டிவிடலாம் என்றாள்.

"வெளக்கு ஏத்தாண்டாம்னு சொல்லிட்டாங்க அக்கா. காலைல முன்வாசல் வழியா எறங்காண்டாம், பின்வாசல் வழியா போன்னு சொல்லிட்டாங்க. அது எப்ப செவக்கும்னு மட்டும் சொல்லுங்க."

எப்போது சிவக்கும்? பார்க்கலாம் என்று சொன்னேன். பார்க்கலாம்! என் வாயில் வந்தது அதுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு டப்பா ஹூக்கில் தொங்கியது, திறந்த மாதிரி இல்லை.

17-10-2024

நான் போய்ச் சொன்னால் ஷிபா தப்பித்துவிடுவாள். கை சுத்தம், மனசு சுத்தம் என்று ஊரே சொல்லும். நான் மறுபடி கீழே. எட்டு மாத வேலை. அவள் எனக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? சொன்னாளா? பொறவு நான் மட்டும் ஏன் சொல்லணும்?

சொல்ல மாட்டேன்.

26-10-2024

மழை பிடித்துக்கொண்டது. டெனிஷ் சொன்னான், அண்ணாச்சி வயல் வரப்பெல்லாம் ஊசி ஊசியாக ஏதோ முளைத்திருக்கிறதாம். பறந்த விதை. பக்கத்து வாழைத்தோட்டத்திலும் இருக்கிறதாம். "இது உங்க புல்லுதான அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

வெட்டியிருக்க வேண்டும். கதிர் முற்றும் முன் வெட்டினால் விதை பறக்காது. அதை அங்கே போய்ச் சொல்ல முடியாத இடத்தில் என்னை நானே வைத்துக்கொண்டேன்.

2-11-2024

கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். ஷிபாவும் அவள் அப்பா கல்லறையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பழைய சிரிப்பு. அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். நாலு பேர் தன்னைச் சொன்னால் அதை வேறொருத்தி பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிற கலை அவளுக்குத் தெரியும். என்னுடைய இந்த முந்நூறு தூரும் அவளைக் கீறக்கூட இல்லை. போய்ப் பட்டதெல்லாம் அந்தப் பிள்ளை மேல்.

11-11-2024

சுஜாவை அவள் அப்பா வந்து அழைத்துப் போய்விட்டாராம். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று தாணம்மாள் சொன்னாளாம். எத்தனை நாள் என்று சொல்லவில்லையாம். நாகேந்திரன்தான் பையைத் தூக்கி வண்டியில் வைத்தானாம்.

இந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

13-11-2024

போனேன். சொன்னேன்.

டெனிஷிடம் சொல்லி நாகேந்திரனைக் கொண்டு சுஜாவை அழைத்து வரச் செய்தேன். ஷிபாவையும் அண்ணாச்சி வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டு வந்தால் அது பாதி சொன்னதாகத்தான் இருக்கும். கணபதியப்பன் அண்ணாச்சி கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு தூர் கொண்டுபோயிருந்தேன். கேட்டருகில் பிடுங்கிய சிவப்பு ஒன்று, உள்ளே பிடுங்கியது ஒன்று. தாணம்மாள் முன்னால் வைத்துக் கத்தியால் இரண்டின் அடியையும் பிளந்தேன். ஒன்று சிவப்பு. ஒன்று வெளிர்ப்பச்சை. இரண்டும் வேறு வேறு சாதிப் புல் என்று சொன்னேன். இந்தப் பச்சை சாகும் வரை சிவக்காது, யார் நட்டாலும் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் வெள்ளையாகத்தான் பூக்கும். தெரிந்தே நான்தான் கொடுத்து அனுப்பினேன், ஷிபாவைக் கெடுக்க. சுஜா வருவதற்கு ஆறு மாதம் முன்னால் விதை போட்டேன்.

தேதியையும் சொன்னேன். இந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

பிறகு தாணம்மாள் கேட்டாள்: "ஏம் பிள்ளே, உனக்கு வஞ்சம் தீக்க என் வீட்டுக் கல்யாணந்தானா கெடச்சுது?"

ஷிபாதான் பேசினாள். தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, பழைய சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டதாகச் சொன்னாள். கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள். அந்தக் கத்தி என் கையில்தான் இருந்தது. மடக்கிப் பைக்குள் போட்டேன்.

சுஜா அழவில்லை. பிளந்த இரண்டு தூரையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ ஆணி புதைச்சதும் வேஸ்ட்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொங்கலுக்குள் முந்நூறையும் வேரோடு எடுத்து, வரப்பில் முளைத்ததையும் வாழைத்தோட்டத்தில் முளைத்ததையும் நானே பிடுங்கிவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். சரி என்றேன்.

25-11-2024

கடையில் ஆள் இல்லை. எதிர்ச்சாரியில் நாலு ஸ்கூட்டர் நிற்கிறது. ஷிபா உரக்கச் சிரிப்பது இங்கே கேட்கிறது.

என் கை ராசியில்லாத கை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சதிகாரி என்கிறார்கள். இது நான் செய்ததற்கு வந்த பெயர். இதைக் கேட்டால் தலை குனிகிறது, ஆனால் வயிறு எரிவதில்லை. ராசியில்லாத கை என்றபோது எரிந்தது.

ஷிபாவை மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

8-12-2024

நூற்றுப் பத்து தூர் தோண்டியாயிற்று. பச்சையின் வேர் விடாப்பிடி. மண்வெட்டி பிடித்து உள்ளங்கை இரண்டும் கொப்பளம். கதிரை முதலில் வெட்டிச் சாக்கில் போட்டுக் கட்டி எரிக்க வேண்டும், அப்படியே இழுத்தால் இன்னும் கொஞ்சம் விதையைக் கொட்டிவிட்டுத்தான் வரும். நேசபாய் அக்கா கேட்காமலே கூட வந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள்.

10-1-2025

மண்டபத்து வழியில் முந்நூறும் முடிந்தது. இன்று வரப்பு. நாற்று விரலளவுதான் இருக்கிறது, ஈரத்தில் இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். ஆனால் நெல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் பார்த்துப் பிடுங்கக் கண் வலிக்கிறது.

பேங்குக்குப் புறப்பட்ட சுஜா முன்வாசல் வழியாக வண்டியை இறக்கி, வரப்போரம் நிறுத்தினாள். என்னோடு அவள் பேசி இரண்டு மாதம் ஆகிறது. நேற்று வீட்டு மோட்டார் எரிந்துபோய்விட்டதாம். காலையில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். நான் கையில் இருந்த நாற்றோடு அப்படியே நின்றேன்.

"அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"லோ வோல்டேஜ்னு கரண்ட ஏசிட்டு கெடக்காங்க" என்றாள். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் அந்த வரப்பை முடித்துவிட்டு நேசபாய் அக்காவும் நானும் வாழைத்தோட்டத்துக்குப் போனோம்.